அருளும் கிருபையும்: தமிழ்க் கிறித்தவர் வழிபாட்டு மொழியில் மேனாட்டுக் குரவர் விட்ட சுவடு

ஒரு சமயத்தார் தாம் வணங்கும் முதற்பொருளை எச்சொல்லால் அழைக்கின்றனர் என்பதும், அம்முதற்பொருள் உயிர்கட்குச் செய்யும் உபகாரத்தை எச்சொல்லாற் குறிக்கின்றனர் என்பதும் சிறு செய்திகள் அல்ல. சொல் மாறுமிடத்துப் பொருளும் சிறிது நெகிழ்ந்து மாறும். பொருள் மாறுமிடத்து வழிபடுவோன் உள்ளமும் அதன்வழிச் செல்லும். இவ்வுண்மையைச் சைவ சித்தாந்த நூல்களிற் பயின்றார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் உள்ள கிறித்தவத் திருச்சபைகளின் வழிபாட்டு மொழியைக் குறித்து நம்மவருள் இரண்டு வழக்குரைகள் நெடுநாளாக உலவி வருகின்றன. அவர் நம் சமயச் சொற்களைக் களவாடிக் கொண்டனர் என்பது ஒன்று. அவர் மொழி முழுதும் மேனாட்டுப் பாதிரிமார் புனைந்த செயற்கை மொழி, அதனுள் தமிழ் உயிர் இல்லை என்பது மற்றொன்று. இரண்டனையும் ஒருவரே ஒரே மேடையிற் கூறக் கேட்டிருக்கின்றோம். களவாடியிருந்தால் அது நம் மொழியாதல் வேண்டும், செயற்கையாயின் களவில்லை. இவ்விரண்டும் ஒருங்கே மெய்யாதல் யாங்ஙனம்? ஆகலின், வசையையும் புகழையும் ஒருபால் வைத்து, சொற்களையே எடுத்து நோக்குதல் முறையாகும். சொற்கள் பல, அவற்றுள் 'அருள்' என்னும் ஒன்றனையே பெரும்பான்மையும் இக்கட்டுரை பற்றிச் செல்லும்.

1578-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20-ஆம் நாள் கொல்லத்தில் ஒரு சிறு நூல் தமிழெழுத்தில் அச்சாகி முடிந்தது. பக்கம் 16. இந்திய மொழியெழுத்தில் இந்நாட்டில் அச்சேறி இன்று கிடைப்பனவற்றுள் இதுவே முதலாவது. முத்துக்குளித்துறைப் பரதவர் பொருட்டுப் போர்த்துக்கேசிய சேசு சபைக் குரவராகிய அண்டிரிக்கு அடிகள் (1520–1600) ஆக்குவித்த அந்நூலின் பெயர் யாது? 'தம்பிரான் வணக்கம்.' சுந்தரமூர்த்தி சுவாமிகளைத் 'தம்பிரான் தோழர்' என்று வழங்கும் நமக்கு, திருமடத்துத் துறவிகளைத் தம்பிரான்மார் என்றழைக்கும் நமக்கு, இச்சொல் யாருடைய வாயில் வளர்ந்தது என்று கூற வேண்டா. கிறித்தவ நூலொன்றின் முகப்பில், அச்சுக்கலை இந்நாட்டிற் கால்கொண்ட பொழுதே, சைவ வழக்காறு ஏறி அமர்ந்துவிட்டது.

எனினும் அதே காலத்துக் கடற்கரைக் கிறித்தவர் நாவில் 'இஸ்பிரித்து சாந்து' என்றும் 'மிசை' என்றும் 'குருசு' என்றும் போர்த்துக்கேசிய, இலத்தீனச் சொற்கள் மொழிபெயராமலே நின்றன. இறைவனைச் சுட்டத் தமிழ்ச்சொல் அமைந்தபொழுது, அவருடைய ஆவியைச் சுட்ட மட்டும் அமையாதது ஏன்? மொழிபெயர்த்தால் தவறான பொருள் உடன் நுழைந்துவிடுமோ என்னும் அச்சமே காரணமெனத் தோன்றுகின்றது. அச்சம் நேரியதே, ஆனால் அதன் விளைவு, வலை வீசும் ஒரு பரதவன் தான் நாள்தோறும் ஓதும் செபத்தில் ஒரு பகுதியைப் பொருளறியாது ஓதும்படி ஆயிற்று. 'இஸ்பிரித்து சாந்து' என்பது உரோமைச் சபையாரிடை 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வாழ்ந்தது.

இவ்வச்சத்தை முதலில் உதறியவர் 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியராகிய தத்துவ போதகர், இராபர்ட்டு தெ நொபிலி (1577–1656). காவியுடுத்துப் புலாலை நீக்கி வாழ்ந்த அவர் நடையைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அவர் மொழியைப் பற்றியே ஈண்டு வேண்டுவது. இறைவனுக்குச் 'சருவேசுரன்' என்றும், மிசைக்குப் 'பூசை' என்றும், ஆலயத்துக்குக் 'கோயில்' என்றும், மறைநூலுக்கு 'வேதம்' என்றும் வழங்கும் வழக்கு அவராலும் அவர் வழிவந்தோராலும் வேரூன்றிற்று. இலத்தீனத்தில் 'கிராத்தியா' எனப்படும் இறையுபகாரத்துக்குப் 'பிரசாதம்' என்னும் சொல் இவ்வழியிலேயே அமைந்து, பின்னர் 'தேவ இஷ்டப் பிரசாதம்' என விரிந்தது.

பிரசாதம் என்றவுடன் நம் நினைவு திருநீற்றுக்கும் பொங்கலுக்கும் செல்கின்றது. இது கண்டு நகைப்பார் உளர், நகைத்தல் தகாது. வடமொழியிற் பிரசாதம் என்பதன் முதற்பொருள் தெளிவு. அடுத்து, தலைவன் உள்ளம் தெளிந்து அடியவன்பாற் காட்டும் தண்ணளி. அதன்பின்னரே அத்தண்ணளிக்கு அறிகுறியாகக் கிடைக்கும் பொருள். இலத்தீனச் சொல்லும் மனமகிழ்ந்து காட்டும் தயவையும், அத்தயவாற் கிடைக்கும் கொடையையும் ஒருங்கே குறிப்பது. மேலும், அக்காலத்து உரோமைச் சமயவாணர் உயிரினிடத்துப் படைத்து வைக்கப்படும் ஒரு குணமாகவே அக்கொடையைக் கொண்டனர். அக்கொள்கைக்குப் பிரசாதம் என்பது அளந்து தைத்த சட்டை போலப் பொருந்துகின்றது. சொல்லைத் தேர்ந்தவர் தம் சித்தாந்தத்தையும் அறிவார், நம் வழக்கையும் அறிவார் என்பது இதனால் விளங்கும்.

இன்னொரு சொல்லும் அச்சபையில் வழங்கிற்று. மரியன்னையை நோக்கி நாள்தோறும் ஓதும் மந்திரத்தில், 'கிராத்தியா' நிற்குமிடத்தில் 'பிரியதத்தம்' என்னும் சொல் நின்றது. பிரியத்தாற் கொடுக்கப்பட்டது என்பது அதன் பொருள். இச்சொல் கோயிற் சுவருக்கு வெளியே எங்கும் வழங்கியதன்று; சந்தையில் இல்லை, புலவர் நாவில் இல்லை. ஆயினும் படிப்பறியாத பாட்டியர் பல தலைமுறை அதனை வழுவாது ஓதினர். செயற்கைச் சொல் வாழாது என்பார் இதனைச் சிந்திப்பாராக.

நிற்க. 1706-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு ஐயரிலிருந்து மற்றொரு வழி தொடங்குகின்றது. அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1714–15-இல் அச்சிட்டார். அவர் நம் நூல்களை அறியாதவர் அல்லர். தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகட்கு 1708-லேயே அடைவு எழுதினார். தென்னாட்டுத் தெய்வங்களின் வழிமுறையைப் பற்றி 1713-இல் ஒரு பெருநூல் செருமானிய மொழியில் எழுதி முடித்தார். அந்நூலுக்கு நேர்ந்த கதி அறியத்தக்கது. அவரை அனுப்பிய ஆல்லே நகரத்துத் தலைவர், அஞ்ஞானத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர்கள் அதனை ஐரோப்பாவிற் பரப்புதல் ஆகாது என்று கருதினர். நூல் பேழையிற் கிடந்தது. 1867-இல் சென்னையிலேதான் அஃது அச்சு வடிவம் கண்டது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேல்! தமிழ்ச் சமயக் கருத்துக்களைத் தன் கையாலேயே எழுதி வைத்திருந்த ஒரு சபை, அவற்றைத் தன் சொல்லாட்சிக்குப் பயன்படுத்திக் கொள்ளும் வாய்ப்பை இங்ஙனம் இழந்தது. குறை அறிவின்மையால் வந்ததன்று. அறிந்ததை அஞ்சியதால் வந்தது.

இவ்வழியினர் இறைவனுக்கு இட்ட பெயர்கள் காலந்தோறும் மாறின. சீகன்பால்கு ஐயர் உரோமைச் சபையார் வழங்கிய சருவேசுரன் என்பதனையே கொண்டார். பப்பிரிசியு ஐயர் (1711–1791) 'பராபரன்' என்றார். பவர் ஐயர் தலைமையில் 1871-இல் முற்றுப்பெற்ற ஐக்கிய மொழிபெயர்ப்பில் 'தேவன்' நிலைத்தது. உரோமைச் சபையாரும் பிற சபையாரும் கூடி 1995-இல் வெளியிட்ட திருவிவிலியத்திற் 'கடவுள்' என்று வந்துள்ளது.

இவற்றுட் பராபரன் என்பதே சாலச் சிறந்ததென்பது எம் துணிபு. மேலும் கீழுமாய், அப்பாலும் இப்பாலுமாய் நிற்கும் முதல் என்னும் பொருள் அச்சொல்லில் உண்டு. தாயுமான சுவாமிகள் பராபரக்கண்ணி அருளியதும் ஏறக்குறைய அக்காலமே. இதனை விடுத்துத் தேவன் என்பதனைக் கொண்டவர், ஒரு சமயத்துக்கே உரிய பெயரை விலக்கிப் பொதுப்பெயரை எடுத்தோம் என்று எண்ணினர் போலும். எடுத்ததோ ஒரு படி தாழ்ந்த சொல். தேவர் என்பார் நல்வினைப் பயனாற் பதவி பெற்று, அது தீர்ந்தவிடத்து இறங்கும் உயிர்வருக்கத்தினரே என்பது இந்நாட்டுச் சமயங்கள் பலவற்றின் துணிபு. ஒருமையில் தேவன் என வழங்கினும் அந்நிழல் முற்றும் நீங்குவதில்லை. தேவதேவன், மகாதேவன் என்று நம்மவர் அடை புணர்த்தது இக்காரணம் பற்றியே.

இனி, அருள் என்னும் சொல்லுக்கு வருவோம். பிற சபையாரிடை 'கிராத்தியா'வுக்கு நிலைத்த சொல் 'கிருபை'. இது வடசொல், இரக்கம் என்பது பொருள். அருணகிரிநாத சுவாமிகள் திருப்புகழிலும் பயில்வதாகலின் நமக்கும் புதிதன்று. ஆயினும் திருத்தமாக நோக்கின் ஒரு வழு உண்டு. கிரேக்க மூலத்திற் 'காரிஸ்' என்பது தகுதி நோக்காது தரப்படும் தயவு. துன்புற்றாரைக் கண்டு உருகும் இரக்கத்துக்கு அம்மொழியில் வேறு சொல் உண்டு. எபிரேய மூலத்திலோ 'எசெத்' என்பது உடன்படிக்கை பிழையாது நிற்கும் பேரன்பு. 1871-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு காரிஸ் என்பதற்கும் கிருபை என்றது. எசெத் என்பதற்கும் பெரும்பான்மை கிருபை என்றது. தாவீதின் சங்கீதத்தில் வரும் கிருபையும் பவுலின் நிருபத்தில் வரும் கிருபையும் ஒன்றென்றே தமிழ் வாசகன் கொள்வான். மூலத்தில் அவை வேறு. 1995-ஆம் ஆண்டுப் பதிப்பு முன்னையதைப் 'பேரன்பு' என்றும் பின்னையதை 'அருள்' என்றும் பிரித்துக் காட்டியது. மொழிபெயர்ப்பு என்ற அளவில் இது பெருந்திருத்தமாம்.

அருள் என்னும் சொல்லை முன்னையோர் ஏன் கொண்டிலர்? அது சைவர்க்கே உரிமைச் சாசனம் எழுதிக் கொடுக்கப்பட்ட சொல் அன்று. வள்ளுவர் அருளுடைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்து, அதனை அன்பு ஈன்ற குழவியாக உருவகித்தார். திருமாலடியாரும் சமணரும் வழங்கினர். இங்ஙனம் தமிழர் யாவர்க்கும் பொதுவாகிய சொல்லை ஒழித்து வடசொல்லை நாடியதற்கு இரு காரணம் கூறலாம். வடசொல் மிக்க உரைநடையே உயர்ந்ததென்பது அக்கால முன்ஷிகளின் எண்ணம். பாதிரிமார் அவரிடமே தமிழ் கற்றனர். இரண்டாவது காரணம், அருள் என்பது சித்தாந்த சாத்திரங்களிற் பெற்றிருந்த ஆழ்ந்த பொருள்.

அப்பொருளைச் சுருங்கக் கூறுதும். சித்தாந்தத்தில் அருள் என்பது இறைவன் ஒருகால் தந்து ஒருகால் தராதொழியும் கொடை அன்று. அஃது அவனுடைய சத்தி. ஞாயிறும் ஒளியும் போல அவனின் வேறாகாதது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தும் அருளே. உயிரினின்று தன்னை மறைத்து, அதனை உலக நுகர்ச்சியிற் செலுத்தி, மலம் பரிபாகமுறச் செய்யும் திரோதானமும் அருளே. இதனை மறக்கருணை என்ப. உமாபதி சிவம் இப்பொருளுக்கெனவே திருவருட்பயன் என 100 குறள் யாத்தனர். லூத்தர் வழிவந்த பாதிரியாருக்கோ இறையுபகாரம் என்பது குற்றவாளியாகிய மனிதனை, அவன் செயல் ஒன்றும் நோக்காது, கிறித்துவின் பொருட்டு நீதிமானெனத் தீர்க்கும் தீர்ப்பு. ஒன்று என்றும் உள்ள இயல்பு. மற்றொன்று வரலாற்றில் நிகழ்ந்த நிகழ்ச்சி. இவ்வேறுபாட்டை அறிந்த ஒருவர் அருள் என்னும் சொல்லைத் தொடத் தயங்கினாராயின், அத்தயக்கத்தை யாம் பழிக்கமாட்டோம். எம் சொல்லின் கனத்தை அவர் மதித்தார் என்றே கொள்வோம்.

ஆனால் இதில் ஒரு வியப்பு உண்டு. பெயர்ச்சொல்லாகிய அருளை வாயிலில் நிறுத்தியவர், வினைச்சொல்லாகிய அருளைத் தடுக்க இயலவில்லை. இறைவன் தன் மைந்தனைக் கொடுத்ததைக் கூறும் யோவான் நற்செய்தியின் புகழ்பெற்ற இடத்தில், 1871-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பிற் காணப்படும் சொல் 'தந்தருளி' என்பது. தமிழில் இறைவன் வெறுமனே தரமாட்டான், தந்தருளுவான். வெறுமனே வரமாட்டான், எழுந்தருளுவான். பவர் ஐயரும் அவருக்குத் துணைநின்ற தமிழ்ப் புலவர் முத்தையா பிள்ளையும் இவ்விலக்கணத்தை மீற எண்ணியிருப்பினும் தமிழ் இடங்கொடுத்திராது. கிருபை என்று கற்பிக்கப்பட்ட சபை, தன் வேதத்தைத் திறக்குந்தோறும் அருளையே ஓதி வந்திருக்கின்றது.

இவ்வாறு அறியாமல் நுழைந்தன வேறும் உள. மோசே எழுதியனவாகக் கூறும் நூல்கட்கு ஆதியாகமம், யாத்திராகமம், எண்ணாகமம், உபாகமம் என்று பெயர். முழு நூலுக்குப் பெயர் வேதாகமம். வேதம் பொது, ஆகமம் சிறப்பு என்று கொள்ளும் நம்மிடமிருந்தே இவ்விரு பெயரும் சென்றன. முதற்பெற்றோர் வழியாக மக்கட்கு வந்ததென்று அவர் கூறும் பாவத்துக்குச் 'சென்மப் பாவம்' என்றும், அவனவன் செய்வதற்குக் 'கருமப் பாவம்' என்றும் பெயர் வைத்தனர். மறுபிறப்பை மறுத்துப் 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்' எழுதியவர் நொபிலி. அவர் வழிவந்த சபையிலே, சென்மமும் கன்மமும் ஒரு பாடத்தில் அடுத்தடுத்து நிற்கக் கேட்கும் சைவச் சிறுவன் எதனை உணர்வான் என்பது எண்ணத்தக்கது.

இனி, இச்சொற்களைப் பெற்றுக்கொண்ட உள்நாட்டார் என் செய்தனர்? பாதிரிமார் ஊட்டியதை உண்டு வாளா இருந்தனர் என்று கருதுவது பெரும்பிழை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வரலாறு இதற்குச் சான்று. சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் வளர்ந்து, சரபோசி மன்னரோடு ஒருங்கு கற்று, அவர் அவையிலும் மதிக்கப்பெற்ற இப்புலவர், குறவஞ்சி என்னும் நம் பிரபந்த வகையிலே பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். 1820-க்கும் 1830-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் தஞ்சைக்கு வந்த புதிய பாதிரிமார், பப்பிரிசியு ஐயரின் பழைய மொழிபெயர்ப்பை நீக்கி இரேனியு ஐயர் திருத்தத்தைப் புகுத்தவும், கோயிலில் தமிழிசைக் கீர்த்தனைகளை நிறுத்தவும், மணவினை முதலியவற்றில் மலர் வழங்குதலைத் தடுக்கவும், சாதி வேற்றுமையை ஒழிக்கவும் முற்பட்டனர். சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்தோரும் எதிர்த்து எழுதினர். பப்பிரிசியு ஐயரும் மேனாட்டவரே. எனினும் அவர் சொற்கள் அதற்குள் தஞ்சைக் கிறித்தவர்க்குத் தம் முன்னோர் சொற்கள் ஆகிவிட்டன. 1871-க்குப் பின்னும் லூத்தர் சபையார் பழைய மொழிபெயர்ப்பை எளிதில் விட்டிலர்.

இசையைப் பொறுத்தவரை வழக்கு முற்றும் சாஸ்திரியார் பக்கமே. செருமானியப் பாடல்களைத் தமிழ்ப்படுத்தி அவ்வந்நாட்டு மெட்டிலேயே பாடும் வழக்கம் தரங்கம்பாடிக் காலத்திலிருந்தே உண்டு. ஞானப்பாட்டு என்றும், பின்னர்ப் பாமாலை என்றும் வழங்கும். அம்மெட்டுக்கள் தம்மளவில் மாண்புடையன. தமிழோடு சேருமிடத்தேதான் இடர். தமிழ்ச் செய்யுள் குறிலும் நெடிலும் பற்றி அசைகொண்டு நடப்பது. அம்மெட்டோ அழுத்தமும் நீட்டமும் தன் கணக்கிற் கொண்டு செல்வது. நீட்டம் குறிலின்மேல் விழுந்தால் 'படி' என்பது 'பாடி' ஆகும். எதுகை வரவேண்டிய இடத்தில் மூச்சு விடப்படும். சீர் நடுவே அடி முறியும். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று இராக தாளத்தோடு வரும் கீர்த்தனையில் இவ்விடர் இல்லை. மதுரையில் இருந்த அமெரிக்கச் சங்கத்தைச் சேர்ந்த வெப் பாதிரியார் இதனை உணர்ந்து, சாஸ்திரியார் பாடல்கள் பலவற்றையும் சேர்த்து 1853-இல் கீர்த்தனைத் தொகுதி வெளியிட்டார். ஒரு பாதிரியார் தடுத்ததை மற்றொரு பாதிரியார் அச்சிட்டார். இன்றும் அத்திருச்சபைகளில் பாமாலையும் கீர்த்தனையும் ஒரே வழிபாட்டில் அடுத்தடுத்துப் பாடப்படுகின்றன. எதற்குச் சபை முழுதும் வாய் திறக்கின்றது என்பது கேட்டாருக்குத் தெரியும்.

ஆனால் சாதியைப் பொறுத்தவரை வழக்கு அங்ஙனம் அன்று. வேளாளர் வேறாகவும் பிறர் வேறாகவும் இருந்து வழிபடுதலையும், திருவிருந்தில் வேற்றுமை காட்டுதலையும் சாஸ்திரியார் முன்னோர் வழக்கெனக் காத்து நின்றார். 1833-இல் வில்சன் அத்தியட்சர் இவ்வேற்றுமையை உடனே, முற்றும் ஒழிக்கவென்று ஆணை விடுத்தார். அவர் நம் இசையை அறியார், மொழியை அறியார். ஆயினும் இவ்வொன்றில் அறம் அந்நியர் வாயிலிருந்தே வந்தது. முன்னிருந்த மேனாட்டார் எல்லாரும் இங்ஙனம் இருந்தாரல்லர். மதுரைச் சேசு சபையினர், 1640-ஐ ஒட்டி, உயர்குலத்தார்க்கு ஒருவகைக் குருமாரும் ஏனையோர்க்குச் சைவப் பண்டாரங்கள் கோலத்தில் 'பண்டாரசாமி'களும் என இரு வகுப்பு வைத்து நடத்தினர். உள்நாட்டுப் பண்பாட்டை மதித்தல் என்பது சிலவிடத்து உள்நாட்டுத் தீமையை மதித்தலாகவும் முடியும். இது கூறுங்கால் நாம் நெஞ்சுயர்த்த இடமில்லை. திருநாளைப்போவார் திருவடியைத் திருமுறை மரபிற் போற்றிக்கொண்டே, அவர் குலத்தாரை மதுரைத் திருக்கோயிலுள் 1939 வரை புகவிடாதிருந்தவர் நாம்.

அந்நியர் சுவடு அவர் சபையோடு நின்றதுமில்லை. யாழ்ப்பாணத்துப் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாயிருந்து விவிலியத்தைத் தமிழாக்கியவர் நம் ஆறுமுக நாவலர் (1822–1879). அம்மொழிபெயர்ப்பு 1850-இல் வெளிவந்தது. தென்னாட்டுப் பாதிரிமார் அதனை ஒப்புக்கொண்டிலர். நாவலரோ அதற்கு முன்னரே விலகி, 1847-ஆம் ஆண்டின் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தைத் தொடங்கி, 1848-இற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். வாரந்தோறும் பிரசங்கம், வினாவிடை நூல், வகுப்பு வகுப்பாகப் பாலபாடம், சொந்த அச்சியந்திரம்: இவற்றின் உருவம் எங்கிருந்து வந்ததென்று நாவலரே மறைத்தாரில்லை. உருவம் அவர்களுடையது, உயிர் நம்முடையது என்று நாம் அமைதி கொள்கின்றோம். கிருபை என்றும் வேதாகமம் என்றும் தம் வழிபாட்டை அமைத்துக்கொண்ட கிறித்தவரும் இதனையே சொல்வர். சொல் நும்முடையது, உயிர் எம்முடையது என்பர். நமக்கு ஒரு நீதியும் அவர்க்கு ஒரு நீதியும் வைத்தல் எங்ஙனம் பொருந்தும்?

எம் நண்பர் ஒருவர், கிறித்தவர், தமிழாசிரியராயிருந்து இளைப்பாறியவர். மேற்கூறிய காரணங்களையெல்லாம் அடுக்கி, கிருபையினும் அருளே தகுதியுடையது, நும் சபை இனி அதனையே கொள்ளுதல் வேண்டும் என்று ஒருகால் அவரிடம் வாதித்தோம். அவர் பொறுமையாகக் கேட்டு, "நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆயினும் என் தாயார் இறுதி மூச்சில் சொன்ன சொல் கிருபை. அதனை நான் எவ்வாறு மாற்றுவேன்?" என்றார். எமக்கு விடை தோன்றவில்லை. வடசொல், பொருட்பொருத்தம் போதாத சொல், பாதிரியார் தேர்ந்த சொல் என்பனவெல்லாம் மெய்யே; எனினும் ஒரு தாயின் நாவிற் கிடந்து அச்சொல் தமிழாகிவிட்டது. 1995-ஆம் ஆண்டுப் பதிப்பு வந்த பின்னரும், உரோமைச் சபை நீங்கலான பிற சபையார் பலர் தம் வழிபாட்டில் 1871-ஆம் ஆண்டு நூலையே இன்றும் கையிலெடுப்பது ஏனென்று அன்று விளங்கிற்று.

உரோமைச் சபையில் மாற்றம் வேறு விதமாக நிகழ்ந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், இலத்தீன வழிபாடு நீங்கித் தமிழ் வழிபாடு வந்தது. இஸ்பிரித்து சாந்து தூய ஆவி ஆயிற்று. பூசை திருப்பலி ஆயிற்று. ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று. பிரியதத்தம் இருந்த இடத்தில் அருள் வந்து அமர்ந்தது. இடம் கொடுத்தது உரோமை. சொல் தேர்ந்தவர் தமிழ்க் குருமாரும் தமிழ்ப் புலவரும். அண்டிரிக்கு அடிகள் தம்பிரான் என்று தொடங்கியபொழுது கைக்கெட்டும் அளவிலிருந்த சொல், ஏறக்குறைய நானூறு ஆண்டு சுற்றி வந்து சேர்ந்தது.

இனி நம்மவரை நோக்கியும் ஒன்று கேட்கவேண்டும். போப்பையர் 1900-இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டபொழுது, அருள் என்பதற்கு அவர் நாடிய சொல் 'கிரேஸ்'. அது 'கிராத்தியா' என்னும் அவ்விலத்தீனச் சொல்லின் வழித்தோன்றலே. 1897-இல் தொடங்கிய சித்தாந்த தீபிகையில் நல்லசாமிப் பிள்ளையவர்களும் அச்சொல்லையே வழங்கினர். இன்று ஆங்கிலத்தில் எழுதும் சைவர் யாவரும் வழங்குகின்றனர். தகுதி நோக்காது தரப்படும் கொடை என்னும் பொருளோடு பிறந்த ஒரு சொல்லினுள், தன்னை மறைத்து உயிரை உழலவிடும் திரோதானத்தை அடக்குவது எங்ஙனம்? பவர் ஐயரும் முத்தையா பிள்ளையும் எதிர்கொண்ட இவ்வினாவை மறுதலையாக நின்று நாம் இன்னும் தீர்த்தபாடில்லை.